புளி போட்டுத் துலக்கிய ரூபாய்

வெள்ளிக்கிழமை காலையில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கி, அது பளபளவென்று மின்னினால்தான் நமக்கு மனம் நிறைகிறது. வெள்ளிச் சாமான் என்றால் திருநீறு. மாமியார் மருமகளுக்குச் சொல்லிக் கொடுத்து, அந்த மருமகள் தன் மருமகளுக்குச் சொல்லிக் கொடுத்து வருகிற கைவேலை இது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இதே கைவேலையை ஒரு பழைய ரூபாய் நாணயத்திடம் காட்டினால், அதன் விலையில் பெரும்பங்கு புளித் தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விடும் என்று சொன்னால் நம்புவீர்களா?

நம் வீட்டு நாணயத்தை நாமே துலக்கிக் கெடுத்தால் அது நம்மோடு போகட்டும். வேறு யாரோ, எங்கோ துலக்கிய நாணயத்தை, "புத்தம் புதுசு, கைபடாத காசு" என்று சொல்லி ஆன்லைன் கடையில் உங்கள் தலையில் கட்டிவிட்டால் என்ன செய்வது? அதுதான் இன்றைய விஷயம்.

நாணயம் சேர்ப்பது ஆண்பிள்ளைகளின் பொழுதுபோக்கு, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள், சகோதரிகளே! சேர்ப்பவர் அவராக இருக்கலாம். பரிசாக வாங்கிக் கொடுப்பவர் பெரும்பாலும் நீங்கள்தான்.

சேலம் அம்மாப்பேட்டையில் ஓர் அம்மாள் இருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். அவருடைய அப்பா ராசிபுரத்தில் இருக்கிறார், 1945-ல் பிறந்தவர். சதாபிஷேகம் வருகிறது. வேஷ்டியும் சால்வையும் எல்லோரும்தான் கொண்டு வருவார்கள். 'அப்பா பிறந்த வருஷத்து ரூபாய் ஒன்று வாங்கிக் கொடுத்தால் என்ன?' என்று மகளுக்குத் தோன்றுகிறது. அழகான யோசனைதான். செல்போனில் தேடுகிறார். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பேழைக்குள் ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட 1945-ஆம் வருஷத்து ரூபாய். மேலே ஒரு சீட்டு. சீட்டில் 64 என்று ஓர் எண். சீட்டுப் பணத்தில் மிச்சம் பிடித்து வைத்திருந்ததை எடுத்து வாங்கி விடுகிறார். பெரியவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பூதக்கண்ணாடியையும் வைத்துப் பார்க்கிறார். பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, இது மாலையில கோத்திருந்த காசாட்டம் இருக்குதே!" என்கிறார்.

மகளின் முகம் எப்படி ஆகியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த 64 என்ன?

முதலில் பேழையின் கதையைத் தெரிந்து கொள்ளுங்கள். அமெரிக்காவில் வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949-ல் அந்த நாட்டுப் பழைய செப்புக் காசுகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். காசின் தரத்துக்கு ஒன்று முதல் எழுபது வரை எண் கொடுத்தார். தேய்ந்து தேய்ந்து இன்ன காசு என்று மட்டும் தெரிந்தால் ஒன்று. அப்பழுக்கு இல்லாவிட்டால் எழுபது. ஒன்றாம் எண் காசு ஒரு டாலர் என்றால் எழுபதாம் எண் காசு எழுபது டாலர் என்பது அவர் போட்ட கணக்கு. விலைக் கணக்கு பிற்பாடு பொய்த்துப் போயிற்று. எண்கள் மட்டும் நிலைத்துவிட்டன. அறுபதும் அதற்கு மேலும் என்றால் புழக்கத்துக்கே வராத காசு என்று அர்த்தம்.

1986-ல் பி.சி.ஜி.எஸ். என்ற நிறுவனமும், 1987-ல் என்.ஜி.சி. என்ற நிறுவனமும் அமெரிக்காவில் தோன்றின. கட்டணம் வாங்கிக்கொண்டு நாணயத்தைப் பரிசோதிப்பார்கள்; எண் போடுவார்கள்; பிளாஸ்டிக் பேழையில் வைத்து ஒட்டி, சீட்டில் ஒரு பதிவு எண்ணும் அச்சடித்துக் கொடுப்பார்கள். சேர்ப்பவர்கள் இதை 'ஸ்லாப்' என்கிறார்கள். இன்று வேறு பல பெயர்களிலும் பேழைகள் விற்கின்றன. பேழை என்றால் எல்லாப் பேழையும் ஒன்றல்ல. நெய் என்று எழுதியிருக்கிற டப்பாவிலெல்லாம் ராசிபுரத்து நெய்யா இருக்கிறது?

பரிசோதனை என்பது நமக்குப் புதிதல்ல. காசின் தரம் பார்க்கிறவருக்குச் சங்க காலத்தில் வண்ணக்கன் என்று பெயர். வடமவண்ணக்கன் தாமோதரனார் என்று ஒரு புலவரே இருந்திருக்கிறார். நம் பாட்டிமார் காலத்திலும் ரூபாயை வாங்கினால் கல்லில் போட்டு ஓசை கேட்காமல் முடிந்து கொள்ள மாட்டார்கள். வெள்ளி 'கிணிங்' என்று கணீரென ஒலிக்கும். ஈயம் 'தொப்' என்று விழும். பேழையில் இருக்கிற காசைச் சுண்டிப் பார்க்க முடியாது. தராசில் போட முடியாது. விளிம்பைத் தடவ முடியாது. பாட்டியின் வித்தைகள் அத்தனையையும் வாங்கி வைத்துவிட்டு, "எண்ணை நம்பு" என்கிறது பிளாஸ்டிக். ஆகவே நமக்கு மிஞ்சியது கண் ஒன்றுதான்.

கண் எதைப் பார்க்க வேண்டும்?

நம் நாட்டு ரூபாய்க்கு நம் நாட்டு வியாதிகள்தான் வரும். அவற்றில் முதலாவது வளையம்.

பவுன் என்றும் சவரன் என்றும் நாம் சொல்கிற சொற்களே இங்கிலீஷ் காசுகளின் பெயர்கள்தாம். காசை நாம் பெட்டியில் மட்டுமா வைத்தோம்? கழுத்திலும் போட்டுக் கொண்டோம். வசதி உள்ள வீட்டில் பவுன் காசு. இல்லாத வீட்டில் ராணி தலை ரூபாய்க்கு ஒரு வளையம் பற்றவைத்துக் கறுப்புக் கயிற்றில் கோத்துப் போட்டார்கள். 1835-ல் கும்பினியார் நாடு முழுவதற்கும் ஒரே ரூபாய் என்று கொண்டு வந்தது முதல் ஒரு ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். தட்டாருக்கு எடைக்கல்லும் அதுவே, உருக்க வெள்ளியும் அதுவே! கொலுசுக்குப் பேர் போன சேலத்தில் இதை விவரித்துச் சொல்வானேன்?

இப்போது அந்தக் காசுகளுக்கு விலை வந்துவிட்டது. வளையத்தை எடுத்து, அரம் போட்டு, மெருகு கொடுத்து விற்கிறார்கள். கைதேர்ந்த வேலைக்காரர் செய்தால் சட்டென்று தெரியாது. எங்கே பார்க்க வேண்டுமென்றால், மன்னர் தலைக்கு நேர் மேலே, விளிம்பில். அந்த இடத்தில் மட்டும் நிறம் சற்று வேறாக இருக்கும். விளிம்புக் கோடுகள் மழுங்கியிருக்கும், அல்லது கையால் கீறியது போல ஒழுங்கில்லாமல் இருக்கும். பின்புறத்திலும் அதே இடத்தைப் பாருங்கள். பற்று இரு பக்கமும் வழிந்திருக்கும். சில காசுகளில் துளையே போட்டிருப்பார்கள். அதை வெள்ளி வைத்து அடைத்து, மேலே எழுத்தையும் வெட்டி விடுவார்கள். அந்த ஓர் எழுத்து மட்டும் மற்ற எழுத்துக்களோடு ஒட்டாமல் நிற்கும்.

இரண்டாவது வியாதி நம் புளி. அச்சு நாணயத்தின் மேல் அறைகிறபோது உலோகம் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நகர்ந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகளை உண்டாக்குகிறது. புதுக் காசை விளக்கின் கீழே பிடித்து மெல்லச் சாய்த்தால், வண்டிச் சக்கரத்தின் ஆரம் போல ஒளி சுற்றி ஓடும். அதற்குக் காரணம் அந்த வரிகள்தான். புளியின் அமிலம் அந்த வரிகளைக் கரைத்துவிடும். தேங்காய் நார் மேலே கீறலும் போட்டுவிடும். பிறகு காசு பளபளக்கும், ஆனால் சக்கரம் சுற்றாது. பித்தளைச் சொம்பு மாதிரி ஒரே வெளிச்சமாக நிற்கும். சாய்த்துப் பார்த்தால் ஒரே திசையில் மயிரிழை மயிரிழையாகக் கோடுகள் தெரியும். விற்கிறவர்கள் நேராக, மேலிருந்து, வெளிச்சத்தைக் கொட்டிப் படம் பிடிப்பது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா? வாங்குவதற்கு முன்னால், "காசைச் சாய்த்துச் சாய்த்து ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கள், சீட்டு முழுவதும் தெரிய வேண்டும்" என்று எழுதிக் கேளுங்கள். நல்ல வியாபாரி மறுக்க மாட்டார். மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

மெத்தென்ற ஒருவகை பிளாஸ்டிக் உறையில் நெடுநாள் கிடந்த காசில் பச்சையாகப் பிசின் மாதிரி ஒன்று படியும். அதுவும் கெடுதல்தான், நாளாக நாளாகக் காசை அரிக்கும்.

எல்லாக் குறையும் விலையைக் குறைத்துவிடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் ரூபாய் வந்தது. மன்னரின் அங்கியில் தொங்கிய விருது மாலையில் ஒரு யானை. செதுக்கியவருக்குத் துதிக்கை சரியாக வரவில்லை. ஜனங்களுக்கு அது பன்றியாகத் தெரிந்தது! முஸ்லிம்கள் மனம் புண்பட்டு ஆட்சேபிக்கவே, சர்க்கார் அதை நிறுத்தி, அடுத்த வருஷம் யானையைத் திருத்தி வெளியிட்டது. இன்று அந்தப் 'பன்றி ரூபாய்'க்குத்தான் கிராக்கி. அது எல்லோருக்கும் தெரிந்த குறை. நமக்குச் சண்டை மறைத்த குறையோடுதான்.

இனி, ராசிபுரத்துப் பெரியவர் கையில் இருக்கிற காசுக்கு வருவோம். பேர் பெற்ற நிறுவனம் என்றால் பற்றவைத்த தடத்தைப் பார்த்ததும் 64 என்று வெறும் எண் போடாது. 'டீடெய்ல்ஸ்' என்று எழுதி, காரணத்தையும் எழுதும். 'கிளீன்ட்' என்றால் தேய்த்துத் துலக்கியது. 'மவுண்ட் ரிமூவ்ட்' என்றால் வளையம் எடுத்தது. அப்படியானால் இந்த 64 எப்படி வந்தது?

பேழையே போலியாக இருக்கலாம். அமெரிக்க நிறுவனங்களின் பேழைகளுக்கே போலி வந்திருக்கிறது. சீட்டில் இருக்கிற பதிவு எண்ணை அந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். எண் இருந்தால் மட்டும் போதாது. உண்மையான எண்ணைத் திருடிப் போலிச் சீட்டில் அச்சடிப்பதும் உண்டு. அங்கே படம் இருந்தால் உங்கள் காசின் கீறல், கறை எல்லாம் அந்தப் படத்தோடு ஒத்துப் போகிறதா என்று பார்க்க வேண்டும். அல்லது, பேழை உண்மைதான், போட்டவர் ஊர் பேர் தெரியாதவர் என்றிருக்கலாம். அல்லது, சீட்டில் 'டீடெய்ல்ஸ்' என்று இருந்ததை விற்றவர் படத்தில் வெட்டிவிட்டு, 64 என்று தாமே விளம்பரத்தில் எழுதியிருக்கலாம். கடைசியாக, அபூர்வமாக, நிறுவனமே கண் தவறியிருக்கலாம். அப்படியானால் அவர்கள் கொடுத்திருக்கிற உத்தரவாதத்தின்படி நிறுவனத்துக்கே எழுதலாம். ஆனால் சீட்டில் அச்சுப் பிழை விழுந்து எண் மாறியிருந்தால் உத்தரவாதம் அதற்குப் பொருந்தாது.

இவற்றில் எது என்று தெரிவதற்கு முன்னால் பேழையை உடைக்காதீர்கள்! உடைத்தால் உத்தரவாதமும் போயிற்று, திருப்பித் தரும் உரிமையும் தகராறுக்கு வந்துவிடும். துடைக்கவும் வேண்டாம்.

புகார் எழுதுகிற விதம்

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். "64 என்று போட்டிருக்கிறீர்கள், எனக்கு 62 மாதிரி இருக்கிறது" என்று எழுதுவார்கள். எண் என்பது அபிப்பிராயம். அபிப்பிராயத்தோடு வழக்காட முடியாது. விற்றவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். பற்றவைத்த தடம் அபிப்பிராயமல்ல, சங்கதி. அடைத்த துளை சங்கதி. வெட்டி மறைத்த சீட்டு சங்கதி. சங்கதியை மட்டும் எழுதுங்கள். இப்படி எழுதலாம்:

"இன்ன தேதியில் தாங்கள் விற்ற 1945-ஆம் வருஷத்து ரூபாயின் மேல் விளிம்பில் பற்றவைத்த தடம் இருக்கிறது. தங்கள் விளம்பரத்தில் இது சொல்லப்படவில்லை. படங்கள் இணைத்திருக்கிறேன். நாணயத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் திருப்பித் தரவும்."

அவ்வளவுதான். வசவு வேண்டாம், கண்ணீரும் வேண்டாம். டெலிபோனில் பேசாமல் எழுத்திலேயே அனுப்புங்கள். விளம்பரப் பக்கத்தையும் உடனே படம் பிடித்து வைத்துக் கொள்ளுங்கள். நாளைக்கு அது மாயமாகிவிடும். பார்சலைப் பிரிக்கும்போதே முகவரிச் சீட்டு தெரிய, இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுத்திருந்தால் இரட்டிப்பு பலம். பிரிக்கிற பரபரப்பில் யாருக்கு இது நினைவிருக்கிறது என்கிறீர்களா? வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பையன் இருந்தால் அவனிடம் விட்டுவிடுங்கள், ஆனந்தமாகச் செய்வான்.

"விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்று பில்லில் அச்சடித்திருந்தால் பயப்படாதீர்கள். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் முப்பது நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வியாபாரம். 2020-ல் வந்த ஆன்லைன் வியாபார விதிகளும் விளம்பரத்துக்கு மாறான பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்கின்றன. கடையின் குறைதீர்க்கும் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

அவர்கள் அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணைக் கூப்பிடலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்றவர் டில்லியில் இருந்தாலும் நீங்கள் டில்லிக்குப் போக வேண்டாம். புதிய சட்டம் நீங்கள் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போட இடம் கொடுக்கிறது. சேலத்தில் ஓர் ஆணையம் இருக்கிறது. 1997 முதல் தனி மாவட்டமாக இருக்கிற நாமக்கல்லுக்குத் தனி ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. இ-ஜாக்ருதி என்ற இணையப் பக்கத்தில் வீட்டிலிருந்தே மனுப் போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

இரண்டு ஓட்டைகள் உண்டு. வாங்கி லாபத்துக்கு விற்கிற வியாபாரத்துக்காக நீங்கள் வாங்கியிருந்தால் பொதுவாக நுகர்வோர் ஆக மாட்டீர்கள். விற்றவர் வியாபாரியாக இல்லாமல், எப்போதோ ஒரு தடவை தம் வீட்டுக் காசை விற்ற தனி மனிதராக இருந்தால் அந்த ஆன்லைன் விதிகள் அவரைக் கட்டுப்படுத்தாது. ஆகவே விற்கிறவர் யார் என்று முதலிலேயே பார்த்துக் கொள்ளுங்கள். கடைக்கு வெளியே, "நேரே அனுப்புங்கள், குறைத்துத் தருகிறேன்" என்கிறவருக்குப் பணம் அனுப்பவே வேண்டாம்.

இன்னும் சில எச்சரிக்கைகள். "உங்கள் பழைய நாணயத்தை லட்ச ரூபாய்க்கு வாங்குகிறோம், முதலில் வரி கட்டுங்கள்" என்று ரிசர்வ் பாங்கின் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறவர்கள் கிளம்பியிருக்கிறார்கள். தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ரிசர்வ் பாங்கு 2021 ஆகஸ்டில் அறிக்கையே விட்டது. இப்படிப் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். "உழவிலே கிடைத்த புதையல் காசு" என்று ஆசை காட்டுகிறவரிடமும் நெருங்காதீர்கள். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-லேயே சட்டம் போட்டாகிவிட்டது.

உங்கள் வீட்டு ராணி ரூபாயையும் அமெரிக்காவுக்கு அனுப்பி எண் போட்டு வாங்கலாமே என்று தோன்றுகிறதா? முடியாது. நூறு வருஷத்தைத் தாண்டிய காசு 1972-ஆம் வருஷத்துச் சட்டப்படி தொல்பொருள். தனி மனிதர் அதை நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது.

அதற்கு வளையம் பற்றவைத்திருந்தால், இதைப் படித்துவிட்டு, தட்டாரிடம் கொண்டுபோய் "எடுத்து விடுங்கள்" என்று சொல்லிவிடாதீர்கள். அப்படியே இருக்கட்டும். ராணி தலை ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. தேய்மானம் போக ஏறக்குறைய பத்தரைக் கிராம் தேறும். பெரியவருக்கு வந்த 1945 ரூபாயிலோ பாதிதான் வெள்ளி, ஆறு கிராம்கூட இல்லை.